மந்த காலத்தில் சிறு கடை: விலையைக் குறைப்பதா, சரக்கைக் குறைப்பதா?

வயலின் தந்தி, சைக்கிள் உதிரிபாகம், ஓவியத் தூரிகை, இசைத்தட்டு, தையல் சாமான் என்று ஒரே துறைப் பொருள்களை மட்டும் வைத்து விற்கும் சிறு கடைகள் உண்டு. பொருளாதாரம் தளரும்போது முதல் அடி இவற்றின் மீதுதான் விழுகிறது. அன்றாடத் தேவைக்கான பொருளை மக்கள் குறைவாகவாவது வாங்கியே தீரவேண்டும். இந்தக் கடைகளில் இருப்பவையோ பெரும்பாலும் தள்ளிப்போடக் கூடியவை. புது வயலினை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். ஓடுகிற சைக்கிளை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டலாம். வீட்டு வரவுசெலவில் கை வைக்க வேண்டிய நாள் வந்தால், இவைதான் முதலில் வெட்டுப்படுகின்றன.

அப்படி ஒரு நிலையில் கடைக்காரர் எடுக்கக்கூடிய முடிவுகள் எண்ணி ஆறுதான். பொறுத்திருந்து பார்ப்பது, தள்ளுபடி கொடுப்பது, வேறு பொருள்களையும் சேர்த்து விற்பது, இணையத்தில் இறங்குவது, சரக்கைச் சுருக்கிக் கைவேலையைக் கூட்டுவது, கடன் ஏறுவதற்கு முன் கடையை ஒழுங்காக மூடுவது. சிறு கடைகளின் கணக்கேடுகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கடைகளுக்கு ஐந்தாவது வழியே ஏற்றது. எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் தள்ளுபடிதான் ஆறிலும் மோசமானது. இதை விருப்பு வெறுப்பால் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஒரு கடையின் ஆண்டு விற்பனை 200 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு மாறாது. கொள்முதலுக்கு 120 போகிறது. மிச்சம் 80. அதில் வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி எல்லாம் சேர்ந்து 70. கையில் நிற்பது 10. இப்போது விற்பனை ஐந்தில் ஒரு பங்கு சரிந்து 160 ஆகிறது. கொள்முதலும் 96 ஆகக் குறைகிறது. மிச்சம் 64. ஆனால் வாடகையும் சம்பளமும் அதே 70. லாபம் 10 இருந்த இடத்தில் இப்போது நட்டம் 6. உண்மையில் 20 சதவீதம் வரைகூடப் போகவேண்டியதில்லை. விற்பனை 175-க்கு இறங்கும்போதே, அதாவது 12.5 சதவீதச் சரிவிலேயே, லாபம் முழுவதும் கரைந்துவிடுகிறது. "வியாபாரம் கொஞ்சம் டல்தான், சமாளித்துவிடலாம்" என்று கடைக்காரர் சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்.

விற்பனைச் சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அலமாரியில் இருக்கிறது. அதே கடையில் சரக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றுகிறது என்றால், எந்த நேரத்திலும் 60 மதிப்புள்ள பணம் அலமாரியில் முடங்கியிருக்கும். நான்கு முறை சுற்றினால் 30 போதும். இந்த 30 என்ற வித்தியாசம் அந்தக் கடையின் மூன்று ஆண்டு லாபத்துக்குச் சமம். தனிப்பொருள் கடைகளில் சரக்கு மெதுவாகத்தான் சுற்றும். வேறெங்கும் கிடைக்காததைத் தேடித்தான் அங்கே ஆட்கள் வருகிறார்கள். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை விற்கும் பொருளையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நல்ல காலத்தில் இந்தச் சுமை தெரியாது. மந்தம் வந்ததும் மொத்த வியாபாரி கடன் தவணையை 60 நாளிலிருந்து 30 நாளாகச் சுருக்குகிறார். வங்கி கடன் வரம்பைக் குறைக்கிறது. வரவேண்டிய பாக்கியோ இழுத்துக்கொண்டே போகிறது. மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் இறுகுகிறது. ஏட்டில் லாபம் காட்டும் கடைகூடக் கையில் பணம் புரளாமல் மூடப்படுவது இதனால்தான்.

ஆகவே எந்த வழியையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும். கல்லாவுக்குப் பணம் எவ்வளவு சீக்கிரம் வரும்? அதற்கு முன்கூட்டிப் போடவேண்டியது எவ்வளவு? வழி சரியில்லை என்று தெரிந்தால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா?

பொறுத்திருப்பது

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆறு மாத வாடகையும் சம்பளமும் கையிருப்பில் இருக்கிற, சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிற, கடன் இல்லாத ஒருவர் பொறுத்திருக்கலாம். மந்தம் என்றாவது விலகும்.

ஆனால் வந்திருப்பது மந்தம்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி இருக்கிறது. கடைக்குள் நுழைபவர்களின் எண்ணிக்கையையும், வாங்குபவர் சராசரியாகச் செலவிடும் தொகையையும் தனித்தனியாகக் குறித்துவர வேண்டும். பழைய ஆட்களே வருகிறார்கள், குறைவாக வாங்குகிறார்கள் என்றால் அவர்கள் கையில் பணம் இல்லை என்று பொருள். பணம் வந்தால் திரும்ப வாங்குவார்கள். ஆட்களே வருவதில்லை என்றால், அவர்கள் அதே பொருளை வேறெங்கோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பொருளாதாரம் நிமிர்ந்தாலும் அவர்கள் திரும்பமாட்டார்கள். முதல் நிலையில் பொறுமை பலிக்கலாம். இரண்டாவது நிலையில் பொறுமையாக இருப்பது சேமிப்பைக் கரைப்பது மட்டுமே. இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்காமல் "காலம் சரியில்லை" என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

தள்ளுபடி

மேலே சொன்ன கடைக்கே திரும்பலாம். 100-க்கு விற்கும் பொருளின் கொள்முதல் 60, மிச்சம் 40. 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலை 80. கொள்முதல் அதே 60. மிச்சம் 20. முன்பு கிடைத்த அதே தொகை கிடைக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு விற்கவேண்டும். 100-க்கு விற்றால் 25 மட்டுமே மிஞ்சும் கடையில் நிலைமை இன்னும் கொடுமை. 25-இல் 20 போனால் மிச்சம் 5. ஐந்து மடங்கு விற்றால்தான் பழைய இடத்துக்கே வரமுடியும். மக்கள் செலவைச் சுருக்கும் காலத்தில் எந்தக் கடைக்கு ஐந்து மடங்கு விற்கும்?

இதே கணக்கை மறுபுறம் பார்த்தவர்கள் குறைவு. விலையை 10 சதவீதம் கூட்டினால் மிச்சம் 40-லிருந்து 50 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு வியாபாரத்தை இழந்தாலும் மொத்த மிச்சம் குறையாது. எல்லோரும் விலையைக் கூட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வேறெங்கும் எளிதில் கிடைக்காத, விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாத சில பொருள்கள் ஒவ்வொரு கடையிலும் உண்டு. அவற்றின் விலை பல ஆண்டுகளாகத் தொடப்படாமலே கிடக்கும். அவற்றைத் திருத்துவது, பிரபலமான பொருள்களில் தள்ளுபடி கொடுப்பதைவிட அதிகம் உதவும்.

விலைப் போட்டியில் சிறு கடை பெரியவர்களை வெல்ல முடியாது. சில சமயம் பெரியவர்களே அதில் மூழ்கிவிடுகிறார்கள் என்பதற்குச் சைக்கிள் வியாபாரம் அண்மைய சாட்சி. 2020-இல் பெருந்தொற்று முடக்கத்தின்போது உலகெங்கும் சைக்கிளுக்குத் தேவை எகிறியது. கடைகளில் சரக்கு இல்லை. கிடைக்காது என்ற அச்சத்தில் கடைகளும் விநியோகஸ்தர்களும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். அந்தச் சரக்கெல்லாம் வந்து இறங்கியபோது வாங்குபவர்களின் வேகம் அடங்கிவிட்டது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. தள்ளுபடி யுத்தம் தொடங்கியது. குறைந்த விலைக்குப் பெயர்பெற்ற பிரிட்டனின் பெரிய இணைய விற்பனை நிறுவனமான விகிள் 2023 அக்டோபரில் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. அந்த அளவு நிறுவனத்தாலேயே தாங்க முடியாத யுத்தத்தில் மூன்று பேர் வேலை செய்யும் கடை இறங்கக்கூடாது.

புத்தக வியாபாரம் இதையே சட்டத்தின் வழியாகக் காட்டுகிறது. பிரான்ஸ் 1981-இல் கொண்டுவந்த சட்டப்படி, புதுப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் வைக்கும் விலையில் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்க முடியாது. பிரிட்டனில் அதுபோல் விலையைக் காத்துவந்த பதிப்பாளர் உடன்பாடு 1995-இல் குலைந்தது, 1997-இல் சட்டப்படி செல்லாது என்றானது. அதன்பின் அதிகம் விற்கும் புத்தகங்களைப் பேரங்காடிகள் மலிவு விலையில் அள்ளிக்கொண்டன. சிறு புத்தகக் கடைகளின் வருமானத்தைத் தாங்கிப்பிடித்தவை அந்தப் புத்தகங்களே. சட்டம் காக்காத இடத்தில் தன்னைத் தானே காத்துக்கொள்வது கடைக்காரரின் பொறுப்பாகிறது.

தேங்கிய சரக்குக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. ஓராண்டுக்கு மேல் அசையாத பொருளைக் கொள்முதல் விலைக்கோ அதற்கும் கீழேயோ தள்ளிவிடலாம், தள்ளிவிடவும் வேண்டும். அங்கே விற்பது பொருளையல்ல, அதில் சிறைபட்ட பணத்தை மீட்கிறோம். ஆனால் அதைத் தனி மேசையில், தனி நாள்களில் செய்யவேண்டும். கடை முழுக்க அட்டை தொங்கவிட்டால், "இவர்களிடம் எப்போதும் பேரம் பேசலாம்" என்ற எண்ணம் வந்துவிடும். ஒருமுறை தள்ளுபடிக்குப் பழகியவரை முழு விலைக்குத் திருப்புவது கடினம். மூன்றாவது கேள்வியில் தள்ளுபடி தோற்பது இங்கேதான்.

வேறு பொருள்களைச் சேர்ப்பது

இசைக்கருவிக் கடையில் திடீரென்று கைப்பேசி உறைகள் தொங்கும். தையல் சாமான் கடையில் பொம்மை வந்து உட்காரும். தவிப்பு புரிகிறது. ஆனால் இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படும் கதை இது. புதுச் சரக்குக்கு முன்பணம் வேண்டும், பணம்தான் ஏற்கெனவே முடங்கிக் கிடக்கிறது. புதுப் பொருளைப் பற்றிக் கடைக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியாது. ஆகவே அங்கே வாங்க எவருக்கும் தனிக் காரணம் இல்லை. கூடவே, "இந்தக் கடைக்காரருக்கு இந்தத் துறை அத்துப்படி" என்ற பெயரும் மெல்லக் கரைகிறது.

ஏற்கெனவே விற்கும் பொருளோடு ஒட்டிய, அடிக்கடி தீர்ந்துபோகும் சிறு பொருள்களைச் சேர்ப்பது வேறு. வில்லுக்குப் பூசும் பிசின், துடைக்கும் துணி, மாற்றுத் தந்தி, சங்கிலி எண்ணெய் போன்றவை தள்ளிப்போட முடியாதவை. ஆளைத் திரும்பத் திரும்பக் கடைக்கு வரவைப்பவை.

இணையம்

இணையத்தில் விற்பது என்று பொதுவாகப் பேசும்போது மூன்று வெவ்வேறு காரியங்கள் குழம்பிவிடுகின்றன.

முதலாவது, பெரிய இணையச் சந்தைகளில் கடை போடுவது. பல வகைப் பொருள்களுக்கு அங்கே கமிஷன் விற்பனை விலையில் 15 சதவீதம் வரை இருக்கிறது. நம் கடையின் 40-இல் 15 போனால் மிச்சம் 25. பொதிகட்டுதல், அனுப்புதல், திரும்பிவரும் பொருள், பட்டியலில் மேலே தெரிவதற்கான விளம்பரம் எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். அதே பொருளை இன்னும் இருபது பேர் அதே பக்கத்தில் விற்கிறார்கள், வாங்குபவர் விலையை மட்டுமே பார்க்கிறார். வாங்கியவர் யார் என்பதுகூடக் கடைக்காரருக்குச் சரியாகத் தெரியாது. கடை விற்கிறது, வாடிக்கையாளர் சந்தைக்குச் சொந்தமாகிறார். தேங்கிய சரக்கைத் தூர ஊர்களுக்குத் தள்ள இது நல்ல வழி. கடையின் எதிர்காலத்தை இதன்மேல் கட்டக்கூடாது.

இரண்டாவது, சொந்த இணையக் கடை. கமிஷன் குறைவு. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் படம் எடுத்து, விவரம் எழுதி, இருப்பை நாள்தோறும் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். அரிய பொருள் விற்பவருக்கு இது பலன் தரும். அவரைத் தேடுபவர்கள் எங்கெங்கோ சிதறியிருக்கிறார்கள், தேடல் பக்கத்தில் அந்தப் பொருளின் பெயரை இட்டால் இவர் கடைதான் வரும். எங்கும் கிடைக்கும் பொருளை விற்பவருக்குச் சொந்த இணையக் கடை ஆளில்லாத தெருவில் திறந்த கடைதான்.

மூன்றாவதை யாரும் இணைய வியாபாரம் என்று நினைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "இன்ன அளவு தந்தி இருக்கிறதா?" என்று கேட்பவருக்கு உடனே பதில் சொல்வது, எடுத்துவைப்பது, கடை நேரத்தையும் வழியையும் வரைபடத்தில் சரியாக வைத்திருப்பது. செலவு மிகக் குறைவு, பலன் உடனடி. மந்த காலத்தில் ஒருவரிடம் பணம் போடும் வசதி இல்லையென்றால் இதோடு நின்றுகொள்ளலாம்.

சிறு கடைகள் ஒன்றுசேர்ந்தால் நடுவழி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட புக்‌ஷாப் டாட் ஆர்க் தளத்தில், ஒரு சிறு புத்தகக் கடை தன் பக்கத்தின் வழியாக விற்கும் புத்தகத்துக்கு அட்டை விலையில் 30 சதவீதம் அந்தக் கடைக்குக் கிடைக்கிறது. சரக்கும் அனுப்புதலும் கடையின் தலையில் விழுவதில்லை. பிற துறைகளிலும் இத்தகைய கூட்டு அமைப்புகள் வரவேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம். தனித்தனியே ஒவ்வொரு கடையும் இணையத்தோடு மல்லுக்கட்டுவது வீண் செலவு.

சரக்கைச் சுருக்கி, கைவேலையைக் கூட்டுவது

இந்த வழியைச் சொன்னவுடன் பலர் தவறான இடத்தில் கத்தரி வைக்கிறார்கள். பத்து வகைப் பொருளில் ஐந்து வகையை நிறுத்திவிடுகிறார்கள். அரிய பொருளைத் தேடி வந்தவர் அடுத்த முறை வரமாட்டார். குறைக்கவேண்டியது எண்ணிக்கை, வகை அல்ல. ஆறு வைத்திருந்த இடத்தில் ஒன்று வைக்கலாம். விற்றதும் இன்னொன்று வரவழைக்கலாம்.

இதற்கான வேலை அலமாரியில் தொடங்குகிறது. ஒவ்வொரு பொருளின் அடியிலும் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வரிசைப்படுத்தினால் கடையின் உண்மை நிலை தானாக வெளியே வரும். மூன்று மாதத்துக்குள் அசைந்தவை ஒரு பக்கம், ஓராண்டுக்குள் அசைந்தவை இன்னொரு பக்கம், அதற்கும் பழையவை மூன்றாவது பக்கம். மூன்றாவது குவியல் எவ்வளவு பெரியது என்று பார்க்கும்போது கடைக்காரர்களின் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேட்கவேண்டும். அடுத்து, வேறு ஊரில் அதே துறையில் கடை நடத்துபவரோடு சரக்குக்குச் சரக்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கே அசையாதது அங்கே விற்கலாம். மிச்சத்தைத்தான் தள்ளுபடி மேசைக்கு அனுப்பவேண்டும். சின்னச் சின்னதாக அடிக்கடி ஆர்டர் போட்டால் அனுப்புகூலி ஏறும் என்பது உண்மை. இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் அந்தப் பாரம் குறையும்.

இப்படி விடுபடும் பணம் மூச்சுவிட நேரம் தருகிறது. அந்த நேரத்தில் கைவேலை வருமானத்தை எழுப்பவேண்டும். பொருளாதாரம் தளர்ந்தால் மக்கள் புதியது வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள், பழையதைச் சரிசெய்து ஓட்டுகிறார்கள். பழுதுபார்த்தல் வருமானத்தில் கொள்முதல் ஏறக்குறைய இல்லை. நம் கடை பொருள் விற்று 10 மிச்சம் பார்க்க 25-க்கு விற்கவேண்டும். இருக்கிற ஆளே செய்யும் வேலையில் 10-க்குக் கூலி வாங்கினால் அந்தப் பத்தும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. விற்பனை 160-க்கு இறங்கி 6 நட்டத்தில் இருக்கும் கடை, ஆண்டில் 12 அளவுக்குப் பழுதுபார்க்கும் வேலை பிடித்தால் 6 லாபத்துக்கு வந்துவிடும். அதே மாற்றத்தைப் பொருள் விற்று எட்டவேண்டுமானால் கூடுதலாக 30-க்கு விற்றாக வேண்டும்.

வயலின் கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இணையத்தில் மலிவாக வாங்கிய வயலினோடு வந்து, மகளுக்குச் சுருதியே நிற்கவில்லை என்கிறார். கடைக்காரர் அதைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தந்தியை முறுக்க முறுக்க அது அப்படிச் சாய்வது வழக்கம், கவனிக்காவிட்டால் ஒருநாள் சாய்ந்து விழுந்துவிடும். தந்திகளைச் சற்றே தளர்த்தி, இரண்டு கைகளின் விரல்களாலும் பிரிட்ஜை நிமிர்த்துகிறார். முறுக்காணிகள் வழுக்காமல் இருக்கச் சுண்ணக்கட்டி தடவுகிறார். தேய்ந்த தந்தி ஒன்றை மாற்றுகிறார். வில்லின் குதிரைமயிர் வழவழத்துப் போயிருப்பதைக் காட்டி, அதை எப்போது மாற்றவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். இந்த வேலையை எந்தப் பொதியிலும் போட்டு அனுப்ப முடியாது. ஆனால் பல கடைக்காரர்கள் இதற்குத் தந்தியின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பழகியவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். வேலைக்கான கட்டணப் பலகையை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. கடையின் மாதச் செலவைப் பழுதுபார்க்கக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்து ஒரு மணிக்கான கூலியை நிர்ணயிக்கவேண்டும். அக்கம்பக்கத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து நிர்ணயிப்பது பின்னால் கையைக் கடிக்கும்.

அடுத்த படி வாடகைக்கு விடுவது. குழந்தைகளுக்கான வயலின் கால், அரை, முக்கால் என்ற அளவுகளில் வருகிறது. குழந்தை வளர வளர மாற்றவேண்டும். வருமானம் நிச்சயமில்லாத காலத்தில் ஓரிரு ஆண்டில் சிறிதாகிவிடும் கருவிக்கு முழு விலை கொடுக்க எந்தப் பெற்றோரும் தயங்குவார்கள். மாத வாடகைக்கு என்றால் சரி என்பார்கள். அலமாரியில் தூங்கிய அரை அளவு வயலின் மாதந்தோறும் பணம் கொண்டுவருகிறது, திரும்பி வந்ததும் துடைத்துத் தந்தி மாற்றி அடுத்த குழந்தைக்குப் போகிறது. கருவி உடைந்தால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி வெறும் ஆசை அல்ல என்பதற்கு அமெரிக்கச் சிறு புத்தகக் கடைகள் சான்று. அமேசானும் பெரும் சங்கிலிக் கடைகளும் எழுந்த 1995-க்கும் 2000-க்கும் இடையில் அவற்றின் எண்ணிக்கை 43 சதவீதம் சரிந்தது. அதன்பின், உலக நிதி நெருக்கடியின் அடிவயிற்றிலிருந்து, 2009-இல் 1,651 ஆக இருந்த கடைகள் 2015-இல் 2,227 ஆக உயர்ந்தன. இதை ஆராய்ந்த ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ரயன் ராஃபெல்லி மூன்று காரணங்களைச் சொல்கிறார்: ஊரோடு கொண்ட உறவு, தேர்ந்தெடுத்து வைக்கும் பார்வை, ஆட்களைக் கூட்டும் நிகழ்ச்சிகள். விலை அந்தப் பட்டியலில் இல்லை. 2011-இல் பார்டர்ஸ் என்ற பெரும் புத்தகச் சங்கிலி மூடப்பட்டதும் இந்தக் கடைகளுக்கு ஆட்களைத் தந்தது, அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இசைத்தட்டுக் கடைகளும் அப்படித்தான். 2008 ஏப்ரலில் முதன்முறையாக நடந்த ரெக்கார்ட் ஸ்டோர் டே, சிறு கடைகளில் மட்டும் கிடைக்கும் சிறப்பு வெளியீடுகளால் ஆட்களை வாசலுக்கு இழுத்தது. 2020-இல் அமெரிக்காவில் இசைத்தட்டு வருமானம் 1986-க்குப் பின் முதன்முறையாக சிடியை முந்தியது. செத்துவிட்டதாக எல்லோரும் எழுதிவிட்ட பொருளுக்கு இது நடந்தது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கையில் வித்தை இல்லாதவருக்கு இது பொருந்தாது. வாங்கி விற்பது மட்டுமே தெரிந்தவர், வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்க்கவேண்டும் அல்லது கற்கவேண்டும், இரண்டுக்கும் காலம் பிடிக்கும். நிகழ்ச்சிகளும் வகுப்புகளும் ஆட்களைக் கொண்டுவரும், ஆனால் அந்த மாதமே கல்லாவை நிரப்பாது. கட்டணம் இல்லாமல் மாதந்தோறும் கூட்டம் நடத்திக் களைத்துப்போன கடைகள் உண்டு.

வாடகைப் பேச்சு இந்த வழியோடு கைகோத்தே போகவேண்டும். சரக்கு பாதியானால் இடமும் அவ்வளவு தேவையில்லை. பாதி இடத்தை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடலாம், சிறிய இடத்துக்கு மாறலாம், அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகையை மாற்றிக்கொள்ளக் கட்டட உரிமையாளரிடம் பேசலாம். மந்த காலத்தில் காலியான கடைக்கு ஆள் கிடைப்பது எளிதல்ல என்பது அவருக்கும் தெரியும். இந்தப் பேச்சை வாடகை பாக்கி விழுவதற்கு முன் நடத்தவேண்டும். இரண்டு மாதப் பாக்கி வைத்துவிட்டுப் போய் நிற்பவருக்குப் பேரம் பேசும் பலம் இருக்காது.

மூடுவது

கடையை மூடுவதைத் தோல்வி என்று பார்க்கும் வழக்கம் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. எல்லோருடைய பாக்கியையும் தீர்த்துவிட்டு, வேலையாளுக்கு முன்கூட்டிச் சொல்லி, சரக்கை நிதானமாக விற்று மூடுவது ஒரு நல்ல முடிவு. அதை எடுக்க ஒரு கோடு வேண்டும். என் கோடு இது: பழுதுபார்த்தலும் சரக்குக் குறைப்பும் செய்து ஆறு மாதமான பின்பும் கடைக்கு வீட்டுப் பணம் வந்துகொண்டே இருக்கிறது என்றால், அல்லது வீட்டை அடகு வைத்தால்தான் அடுத்த கொள்முதல் என்ற நிலை வந்தால், மூடலாம். அந்தக் கோட்டை நெருக்கடி வருவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, குடும்பத்தாரோடு பேசி எழுதிவைக்க வேண்டும். நெருக்கடியின் நடுவில் எவராலும் அதை நேர்மையாக வரைய முடியாது.

மூடும் கடைக்கும் விற்கத்தக்க சொத்து ஒன்று மிஞ்சுகிறது, அது அலமாரியில் இல்லை. யாரிடம் எந்தக் கருவி இருக்கிறது, எப்போது கடைசியாக வேலை பார்த்தது, எந்தப் பள்ளிக்கு யார் வாங்கிப் போகிறார் என்ற விவரக் குறிப்பேடு. அதே துறையில் உள்ள இன்னொரு கடை, வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடு அந்த வேலைகளையும் வித்தை தெரிந்த ஆளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள விலை கொடுக்கும். கடைச் சாவி வைத்திருக்கும் ஒரு வேலையாளின் தலையில் மட்டும் அந்த விவரம் இருந்தால், கடையோடு அதுவும் போய்விடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வாரத்து வேலை ஒன்றுதான், சரக்கை எண்ணித் தேதிவாரியாகப் பிரிப்பது. தள்ளுபடி மேசைக்கு எது போகும், மொத்த வியாபாரியிடம் எதைத் திருப்பலாம், எவ்வளவு இடம் தேவை, உரிமையாளரிடம் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம், ஆறு மாதம் தாக்குப்பிடிக்குமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பட்டியலிலிருந்துதான் பதில் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு சிறு கடைக்கு அது முடிந்துவிடும்.